காபி குடிக்கும் பீர் சங்கம்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, தி. நகரில் ஒரு ஓட்டலின் ஏ.சி. பாரில் உட்கார்ந்து நான் பரீட்சை எழுதினேன்.

பேனா, பேப்பர், எதிரே மூன்று கண்ணாடி கிளாஸ், சுற்றிலும் மூன்று பரிசோதகர்கள். எல்லாம் முறைப்படிதான். பாடம் மட்டும் கொஞ்சம் வேறு – பீர்.

சிரிக்காதீர்கள். பத்தாவது பொதுத்தேர்வில்கூட எனக்கு உள்ளங்கை இப்படி வியர்த்ததில்லை.

(என் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வாராவாரம் இந்தப் பத்தியைத் தங்கைதான் வாசித்துக் காட்டுவாள். தங்கச்சி... இந்த வாரம் மட்டும் ராசிபலன் பக்கத்தை வாசித்துவிடும்மா.)

முதலில் சங்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூர் மாட வீதிக்குப் பக்கத்தில் ஒரு மெஸ். ஞாயிறு காலை எட்டு மணிக்கு அதன் மூலை மேசையில் மூன்று பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு ஃபில்டர் காபியை வைத்துக்கொண்டு, நோட்டைப் பிரித்துச் சத்தமாக வாசிப்பார்கள். ஏதோ பாராயணம் போலிருக்கிறது என்று பக்கத்து மேசைக்காரர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கொஞ்சம் காது கொடுத்தால்தான் விஷயம் தெரியும்.

‘நுரை இரண்டு விரல் கனம். முகர்ந்ததும் லிச்சி. பின்னாலேயே பைன் மரப்பிசின். கசப்பு அடிநாக்கில் பத்து நொடி நிற்கிறது...’

பீர் ரசிகர்கள் எதற்குக் காபி குடிக்கிறார்கள்? வேறு என்ன செய்வது? அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கிற மைக்ரோபுருவரி பெங்களூரில் தடுக்கி விழுந்தால் ஒன்று. புதுச்சேரியில் இருக்கிறது. புனேயில், கோவாவில் இருக்கிறது. சென்னைக்கு இன்னும் வாய்க்கவில்லை. ஆகவே சங்கத்தில் ஒரு வழக்கம். ஆபீஸ் வேலையாகவோ கல்யாணத்துக்கோ யார் வெளியூர் போனாலும், அங்கே குடித்ததைக் குறிப்பெழுதிக்கொண்டு வந்து வாசிக்க வேண்டும். மற்றவர்கள் காபியைக் குடித்துக்கொண்டே அதை ரசிக்க வேண்டும். பெங்களூர் கசப்பு உசத்தியா, கோவா கசப்பு உசத்தியா என்று சண்டையும் போடலாம். கச்சேரிக்குப் போக முடியாதவன் விமர்சனம் படித்துத் தலையாட்டுவதில்லையா? அப்படி.

இவர்களுக்கு உயிர் ஐ.பி.ஏ. இந்தியா பேல் ஏல் என்பதன் சுருக்கம். அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் வரும் பீர் கெடாமல் இருக்க, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவை அள்ளிப் போட்டுக் காய்ச்சினார்களாம். பெயரிலேயே இந்தியா. நமக்குத்தான் கிடைக்க மாட்டேன் என்கிறது.

என்னை அங்கே கூட்டிப் போனவன் கார்த்தி. ஆபீஸில் எனக்குப் பக்கத்து சீட், வேளச்சேரிவாசி. இன்னொருவர் ஸ்ரீதர் மாமா, மயிலாப்பூர்க்காரர், வங்கியில் ஆடிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு காலை அவர் குளத்தைச் சுற்றி வாக்கிங் போவதாக வீட்டில் நம்பிக்கை. மூன்றாமவர் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தி. நகரில் பட்டுக்கடை. ஜரிகையைத் தேய்த்துப் பார்க்கிற அதே விரலால் பீர் நுரையைத் தொட்டுப் பார்ப்பார்.

மூன்று ஞாயிறு நான் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தேன். மூன்று வாரத்தில் ஒருவர்கூட என்னிடம் ‘அப்பா என்ன பண்றார்?’ என்று கேட்கவில்லை.

உங்களில் சிலருக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. காலேஜில், இன்டர்வியூவில், வாடகைக்கு வீடு கேட்டுப் போன இடத்தில் – எங்கேயும் என்னிடம் கேட்கப்பட்ட இரண்டாவது கேள்வி அதுதான். சென்ட்ரிங் வேலை என்பேன். எதிராளி முகத்தில் அரை நொடிக்கு ஒன்று வந்து போகும். இங்கே இரண்டாவது கேள்வி, ‘கசப்பு பிடிக்குமா?’

அந்த மேசையில் எனக்கு ஒரு நிரந்தர நாற்காலி வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஆனால் நாற்காலி சும்மா வராது. நான்காவது வாரம் தேர்வு. தேறினால் உறுப்பினர். இல்லையென்றால் வணக்கம் – காபிக்குக்கூடக் கூப்பிட மாட்டார்கள்.

தேர்வு முறை எளிமையானது. மூன்று கிளாஸ். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. அந்த ‘ஒன்று’ எது? உலகம் முழுக்க பீர் காய்ச்சுகிறவர்கள் இப்படித்தான் நாக்கைச் சோதிப்பார்களாம்.

படிக்க ஆரம்பித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை படிப்பதுதான். குறிப்புகளில் அடிக்கடி கிரேப்ஃப்ரூட் என்று வந்தது. அந்தப் பழத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. பாண்டி பஜாரில் ஒரு பழக்காரரிடம் கேட்டேன்.

“அது வர்றது இல்ல நைனா. பம்பளிமாஸ் கீது, எட்த்துக்கோ. யாருக்கு, சுகர் பேஷண்ட்டுக்கா?”

எடுத்துக்கொண்டேன். அடுத்தது பைன் மரம். அதற்கு எங்கே போவது? பினாயில் பாட்டிலில் பைன் வாசனை என்று போட்டிருந்தது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து, மூடியைத் திறந்து, கண்ணை மூடி, நிதானமாக முகர்ந்துகொண்டிருந்தேன்.

“இன்னாடா, பினாயில மோந்து பாத்துக்கினு கீற? ஆபீஸ்ல எதுனா பிரச்சனையா?” என்றாள் அம்மா. அன்று ராத்திரி எனக்குச் சுற்றிப் போட்டார்கள்.

தேர்வு நாளும் வந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து வேலைக்கான இன்டர்வியூ வரை, கோயிலுக்குப் போகாமல் நான் பரீட்சை எழுதியதில்லை. அம்மா வைத்த பழக்கம். மயிலாப்பூர்ப் பெருமாள் கோயில் ஒன்றில், காலையில் நடை சாத்துவதற்குள் போய் அர்ச்சனை செய்தேன். எந்தப் பரீட்சை என்று சொல்லவில்லை. ‘ஒரு பரீட்சை, பெருமாளே’ என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அவரும் கேட்கவில்லை. பட்டர் கொடுத்த துளசியையும் பச்சைக் கற்பூரத் துணுக்கையும் தாளில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மத்தியானம் தி. நகருக்கு ஆட்டோ பிடித்தேன்.

பாரில் அண்ணாச்சிக்குத் தனி மரியாதை. எப்போதாவது வெளியூர் ஐ.பி.ஏ. பாட்டில் ஒன்றிரண்டு வந்தால் அவருக்கென்று எடுத்து வைப்பார்கள். ஊற்றிக் கொடுக்கிற டில்லி அவர் கடைக்குப் பழைய வாடிக்கை. டில்லியின் தங்கை கல்யாணப் புடவையே அங்கே எடுத்ததுதான்.

“டில்லி, பெங்களூர் ஐ.பி.ஏ. ஒண்ணு, கோவா ஐ.பி.ஏ. ஒண்ணு. உள்ள வச்சு ஊத்திக் கொண்டா. எது எதுல இருக்குன்னு எங்களுக்கும் தெரியப்பிடாது. பேப்பர் திருப்புற வரைக்கும் நீ வாயத் தொறக்கப்பிடாது, கேட்டியா? கண்ணக்கூடச் சிமிட்டப்பிடாது” என்றார் அண்ணாச்சி.

அதுதான் சங்கத்தின் தலையாய விதி. ஊற்றுகிறவன் பேசினால் தேர்வு செல்லாது.

பத்து நிமிடம் கழித்து டில்லி நான்கு தட்டுகளோடு வந்தார். ஆளுக்கு மூன்று கிளாஸ். பரிசோதகர்களும் கூடவே எழுதுவார்கள் – விடைத்தாள் ஒப்பிட வேண்டுமல்லவா? தட்டுகளை வைத்துவிட்டு, டில்லி அண்ணாச்சியைப் பார்த்து, “சார், ஒரு விஷயம்...” என்றார்.

“மூச்.”

“இல்ல சார், உள்ள வந்து...”

“ஏலே, மூச்சுங்கேன்லா.”

டில்லி வாயை மூடிக்கொண்டு, சுவரோரம் போய், வயிற்றுவலிக்காரர் மாதிரி நின்றார்.

நான் முதல் கிளாஸை எடுத்தேன். சிரத்தையாக, மார்பு மேசையில் படுகிற அளவுக்குக் குனிந்து, ஆழமாக மூச்சை இழுத்தேன். கற்பூரம். இரண்டாவது... கற்பூரம். மூன்றாவது... பேஷான கற்பூரம். குடித்துப் பார்த்தேன். மூன்றும் கசந்தது, ஒரே மாதிரி கசந்தது. பொரியை மென்று, தண்ணீர் குடித்து, மறுபடி குனிந்தேன். சந்நிதியில் நிற்கிற மாதிரியே இருந்தது.

மற்ற மூவர் பேனாவும் சரசரவென்று ஓடிக்கொண்டிருந்தது. கார்த்தி இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டான்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு தாரக மந்திரம் உண்டு – எதையும் எழுதாமல் விடாதே, எதையாவது எழுது, மார்க் விழும். அப்படி எழுதியே நான் பாதிப் பரீட்சைகளைத் தாண்டியிருக்கிறேன். இங்கேயும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எதையாவது குறித்து, பினாயிலையும் பம்பளிமாஸையும் தூவிவிட்டிருக்கலாம். மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. ஏனோ கை வரவில்லை. இந்த நாற்காலியில் பொய் சொல்லி உட்கார்ந்தால், வாராவாரம் பொய் வாசிக்க வேண்டுமே.

‘மூன்றும் ஒரே மாதிரி இருக்கிறது. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை’ என்று எழுதி, பேப்பரைக் கவிழ்த்தேன். நாற்காலி போயிற்று என்று முடிவு செய்துவிட்டதால் மனசு லேசாக இருந்தது.

ஸ்ரீதர் மாமா தன் பேப்பரை முதலில் வாசித்தார். “ரெண்டாவதுதான் வேற. முகர்ந்தாலே லிச்சி வந்துடறது. கோவா.”

“என்ன வே சொல்லுதீரு? மூணாவதுதான் வேற. பைன் பிசின் மூக்கப் பொத்துது. லிச்சியாம்லா லிச்சி” என்றார் அண்ணாச்சி.

“நேக்கு லிச்சி தெரியாதா ஓய்? முப்பது வருஷமா ஆடிட் பண்ணின மூக்கு இது.”

“ரெண்டு பேரும் மன்னிக்கணும், ஒண்ணுதான் வேற. அதுல மாம்பழம், லேசா மிளகு” என்று நடுவில் வந்தான் கார்த்தி. அதோடு நிற்காமல் ஒன்றரைப் பக்கத்தையும் வாசித்தான்.

கால்மணி நேரம் நடந்தது சண்டை. பெங்களூர்த் தண்ணீர், கோவாக் காற்று, மாமாவின் சைனஸ் – எல்லாம் வந்தது. கடைசியில் அண்ணாச்சி திரும்பினார். “டில்லி, இப்பச் சொல்லு. எது?”

டில்லி தலையைச் சொறிந்தார். “சார், தப்பா நெனச்சிக்காதீங்கோ. கோவா பாட்டிலு டேட் தாண்டிட்ச்சி. அத்த ஊத்தி எவனுக்குனா எதுனா ஆச்சின்னா? அதான் மூணுலயும் பெங்களூர்தே ஊத்திட்டேன். சொல்லலாம்னு வந்தா மூச்சுன்றீங்கோ. நான் இன்னா பண்றது?”

அண்ணாச்சி கிளாஸைக் கீழே வைத்தார்.

கார்த்தி மெல்லக் கையை நீட்டி என் பேப்பரைத் திருப்பினான். படித்தான். மாமா படித்தார். அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... என் பட்டமளிப்பு விழாவில்கூட யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

“எப்படிடே கண்டுபிடிச்ச?”

நாற்காலி கிடைத்துவிட்டது. வாயைத் திறக்காமல் அடக்கமாகச் சிரித்தால் போதும். வியர்வையைத் துடைக்கச் சட்டைப் பையிலிருந்து கர்ச்சீப்பை இழுத்தேன். கூடவே அந்தத் தாள் மடிப்பும் வந்து மேசையில் விழுந்தது. சுற்றிலும் வாசனை.

அப்போதுதான் எனக்கே புரிந்தது – நான் முகர்ந்தது கிளாஸை அல்ல, என் சட்டைப் பையை.

மாமா தாளைப் பிரித்தார். “பச்சைக் கற்பூரம்... துளசி... ஏண்டா, பெருமாள் கோயிலுக்குப் போயிட்டா வரே? இதுக்கா வேண்டிண்டே?”

“பரீட்சைன்னு மட்டும்தான் சொன்னேன் மாமா. நான் எதையும் கண்டுபிடிக்கல. குனிஞ்சப்பல்லாம் இந்த வாசனைதான் வந்துச்சு. எனக்கு நிஜமாவே ஒண்ணும் தெரியலன்னுதான் எழுதினேன்.”

“மச்சி, அதை ஏண்டா இப்ப சொல்ற?” என்று மேசைக்கடியில் காலை மிதித்தான் கார்த்தி.

“விடை சரி, காரணம் தப்பு. ஆடிட்ல இத ஏத்துக்க மாட்டா” என்றார் மாமா.

அண்ணாச்சி கிளாஸைச் சுழற்றிக்கொண்டே யோசித்தார். “சரி வே. காரணம் நம்ம மூணு பேரு பேப்பர்லயும் ரெண்டு பக்கத்துக்கு இருக்கு. விடை? நமக்கு என்ன மார்க்குப் போடுவீரு?”

மாமா தன் பேப்பரைக் கவிழ்த்து வைத்தார். பொரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

எனக்கு அவர்கள் மேல் துளிக்கூட மரியாதை குறையவில்லை. நம்புங்கள். இரண்டு பீர் இருக்கிறது என்று சொல்லி வைத்தால், இல்லாத இரண்டாவது பீரையும் நாக்கு காய்ச்சிக்கொள்கிறது. படித்தவர்கள் எல்லாவற்றையும் தெரிந்துதான் பேசுகிறார்கள் என்று இத்தனை வருடம் பயந்துகொண்டிருந்த எனக்கு, அந்த மத்தியானம் தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அவர்களும் எதையாவது எழுதுகிறவர்கள்தான். எங்கள் பள்ளிக்கூடத்து ஆட்கள்தான்.

கடைசியில் அண்ணாச்சி மேசையைத் தட்டினார். “இவனச் சேத்துருவோம்.”

“எந்த அடிப்படைல?” என்றார் மாமா.

“பத்திரிகையில எழுதுத பய வே இவன். வெளிய விட்டா, ஊர் பூராவும் லிச்சிக் கதை தெரிஞ்சிரும். உமக்கு வாக்கிங் போன இடத்துல லிச்சி வந்த கதை உம்ம வீட்டம்மாவுக்கும் தெரிஞ்சிரும். உள்ள வச்சுக்கிட்டு, சங்க விஷயத்த வெளிய எழுதப்பிடாதுன்னு ஒரு விதி போட்டுருவோம். மீறினா அன்னைக்கே நீக்கம்.”

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். “பேஷ். அப்படின்னா டில்லியையும்னா சேக்கணும்? அவனுக்கும் எல்லாம் தெரியுமே.”

“எனுக்கு வோணாம் சார். நான் பாலு டீ தான்” என்று தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார் டில்லி.

அங்கேயே, என் விடைத்தாளின் பின்பக்கத்திலேயே விதியை எழுதினார்கள். மனப்பூர்வமாகக் கையெழுத்துப் போட்டேன்.

ஆகவே, இந்த இதழ் கடைக்கு வரும்வரை நான் அந்தச் சங்கத்தின் முழு உறுப்பினர்.