வேதியியல் தட்டில் ஒரு சீட்டு

இதைக் கட்டுக்கதை என்போர் சொல்லிக்கொள்ளட்டும். முப்பத்தோராண்டு பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று போதித்த வாய் இது.

ஓய்வுபெற்ற பின் ஒரு நூலகத்தின் தகவல் மேசையில் அமர்ந்தேன். என் பாடம் வரலாறு. பக்கத்து நாற்காலியில் வேதியியல் பயின்ற இளைஞர். வருவோரெல்லாம் அவரையே தேடினார்கள். "கெமிஸ்ட்ரி சார் இல்லையா? அப்போ அப்புறமா வர்றேன்." நான் என்ன, மேசைக்கு முட்டுக்கொடுத்த கட்டையா? வயிறு எரிந்தது.

தன் பாடத்தில் அடங்காத கேள்வியை, கேட்டவரின் தொலைபேசி எண்ணோடு சீட்டில் எழுதி, உரியவரின் மேசைத் தட்டில் இட வேண்டும் என்பது அங்கே விதி.

ஒரு வியாழக்கிழமை. இளைஞர் ஞாயிறுவரை விடுப்பு. மாலை 6.40. கதவு மணி ஒலிக்க, துப்புரவுத் தொழிலாளி ஒருவர் வந்தார்.

"சார், கழிப்பறைக்கு ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் கலந்து ஊத்தலாமா? கெமிஸ்ட்ரி சாரைக் கேக்கணும்."

"ஏன், நான் சொன்னா ஆகாதா? தாராளமா கலங்க. பளிச்சுனு ஆயிடும்."

சீட்டு எழுதவில்லை. விளக்கின்மேல் பொறாமைகொண்ட மின்மினி, தானே வழிகாட்டுவதாகச் சொல்லி வழிப்போக்கனைப் பாழுங்கிணற்றுக்கு அழைத்துச் சென்ற கதையை எத்தனை வகுப்புகளில் சொல்லியிருப்பேன்! அன்று நினைவுக்கு வரவில்லை.

மறுநாள். அதே 6.40. நிமிர்ந்தேன்.

அந்தத் தொழிலாளி நின்றிருந்தார். காலி நாற்காலியின் முன்னால்.

கதவு மணி ஒலிக்கவில்லையே...

காரமான நெடி. கண் எரிந்தது.

"அவர் லீவு. நான் இருக்கேனே, கேளுங்க."

திரும்பவில்லை.

"உங்ககிட்டதான் கேட்டாச்சே, சார்."

குரல் வந்தது. மார்பு அசையவில்லை...

கர்... கர்... பேனாவின் ஓசை.

தட்டில் சீட்டு விழுந்தது.

6.43.

யாருமில்லை.

அதைத் தொட எனக்குத் துணிவில்லை. திங்களன்று இளைஞர் எடுத்துப் படித்தார்.

"ஐயா, யாரோ ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் கலந்துட்டாங்களாம்! விஷவாயு ஆச்சே!"

சீட்டிலிருந்த எண்ணை அழைத்தார். எடுத்தது தொழிலாளியின் மனைவி. பேசப் பேச இளைஞரின் முகம் வெளுத்தது.

"வெள்ளிக்கிழமை காலையில, கழிப்பறை கழுவும்போதே போயிட்டாராம்... பதினொண்ணே காலுக்கு."

சீட்டை என்னிடம் நீட்டினார். 'வெள்ளி, மாலை 6.40. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் கலந்துவிட்டேன். மூச்சு வரவில்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும்?'

அந்தச் சீட்டில் பதிலுக்கான கட்டம் இன்றும் வெறுமையாகவே இருக்கிறது.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இறந்த பின்னும் அவர் கேட்க வந்தது அந்த இளைஞரிடம்தான். அதைப் படித்த அந்தக் கணத்திலும்... என் வயிறு எரிந்தது.