சந்து வாயில் எழுந்த சுவர்

செஞ்சியில் ஜட்கா ஓட்டிப் பிழைத்தவர் ரசூல். மாலையில் வண்டி சந்துக்குள் திரும்பினால் போதும், குதிரை தானாக வீட்டு வாசலில் போய் நின்றுவிடும். மனைவி மெஹபூப் பீ கொள்ளுக் கூடையோடு வெளியே வருவாள். பிள்ளையில்லாத அந்த வீட்டில் புருஷனைவிடக் குதிரைக்குத்தான் உபசாரம் அதிகம்.

யுத்தம் முடிந்த வருஷம், நெல் மண்டி கோவிந்தசாமி திருவண்ணாமலைச் சாலையோரம் கடை கட்டப் புறப்பட்டு, பொதுச் சந்தின் வாயையே மறித்து இரண்டு ஆள் உயரத்துக்கு மண்சுவர் எழுப்பிவிட்டார். கேட்கப் போனவர்களிடம் பட்டா இருக்கிறது என்றார், காட்டத்தான் இல்லை. ரசூலின் வண்டி சாலையிலேயே நின்றது. வீட்டுக்குப் போக ஏரிக்கரையைச் சுற்ற வேண்டும்.

சந்துக்காரர்கள் கடப்பாரை எடுத்தார்கள். ரசூல்தான் அவர்களைத் தடுத்து, முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டார். வக்கீல்களை ஏற்றி இறக்கிப் பழகிய மனுஷன். கோர்ட்டின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை கோர்ட்டுக்கே இருந்திருக்காது. சுவர்மேல் கூரை ஏறிவிடாதபடி தடை உத்தரவும் வாங்கினார். வழக்கு முடியும்வரை இரண்டு தரப்பும் சுவரில் கை வைக்கக் கூடாது என்றது உத்தரவு. பாதி ஜெயித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார், பாவம்.

ஐப்பசி மழையில் ஒரு நடுப்பகல், விறகு எடுக்கப் போன மெஹபூப் பீயைப் பாம்பு கடித்தது. கட்டிலில் கிடத்திச் சுவர்வரை தூக்கி வந்தார்கள். அந்தப் பக்கம், சோற்றுக்கு வந்திருந்த ரசூலின் வண்டி பூட்டியபடி நின்றது. ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். ஏரிக்கரையோ ஒரே சேறு. பக்கத்து வீட்டுப் பாவாடை கடப்பாரையோடு ஓடி வந்தான்.

"தள்ளுங்க பாய். நாலு போடு போட்டா உழுந்துடும்."

ரசூல் சுவருக்கு முன்னால் போய் நின்றார். "வாணாம் பாவாடை. கோர்ட்டு உத்தரவு இருக்குது. நாமளே மீறினா கேசு போயிடும். கரை மேலயே தூக்கு."

மெஹபூப் பீ அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேற்றில் கால் புதையப் புதையத் தூக்கிப் போனவர்கள், பாதிக் கரையில் கட்டிலை இறக்கி வைத்துவிட்டார்கள். உயிர் போயிருந்தது. ஜனாஸா ஊர்வலமும் அதே கரையைச் சுற்றித்தான் போனது.

பிறகு வாய்தா மேல் வாய்தா. கடைசியில் சந்து பொதுவழிதான் என்று தீர்ப்பாயிற்று. கோர்ட் அமீனா வந்து நின்று சுவரை இடித்தார். முதல் வண்டி ரசூலுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று சந்துக்காரர்கள் வற்புறுத்தினார்கள். அவர் லகானைத் தொடக்கூட இல்லை. குதிரை தானாகப் போய் வாசலில் நின்று, பூட்டிய கதவை நோக்கிக் கழுத்தை நீட்டிக் காத்திருந்தது.

ரசூல் இறங்கி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"வர மாட்டாடா. செவுத்த காப்பாத்தினது நாந்தான்," என்றார்.