மெக்கானிக்ஸ் வகுப்பை விட்டுப் போன செல்வராஜ்

எழுபதுகளின் நடுப்பகுதியில் நான் ஒரு பொறியியல் பீடத்தில் உதவி விரிவுரையாளர். முதலாம் வருடத்துக்கு மெக்கானிக்ஸ் எடுத்தேன். வேலையில் சேர்ந்து இரண்டாவது வருடம், பீடாதிபதி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். புது பேட்சில் நான்கு பேர் அரை வருடம் முடிவதற்குள் சொல்லாமல் போய்விட்டார்கள். மூன்று பேரின் பெயரை ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. நான்காவது பெயர் செல்வராஜ், பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் அவனுக்கும் அதுதான் கதி. நீ பதுளை ஆள்தானே, போய்ப் பார்த்துவிட்டு வா என்றார்.

எங்கள் வாப்பாவுக்குப் பதுளை பஜாரில் துணிக்கடை. தோட்டத்து ஆட்களைக் கடையில் பார்த்திருக்கிறேனே தவிர, அவர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குள் அதுவரை காலெடுத்து வைத்ததில்லை. வீட்டுக் கஷ்டத்தில் படிப்பை விட்டிருப்பான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, சனிக்கிழமை காலை பஸ் ஏறினேன்.

செல்வராஜின் அப்பா மாரிமுத்து தேயிலை ஃபேக்டரியில் ரோலர் மெஷின் பார்ப்பவர். அன்று அவருக்கு வேலை இல்லை. பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறேன் என்றதும் பாயை விரித்து உட்காரச் சொன்னார். மகன் ஏன் திரும்பி வந்தான் என்று கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"யுனிவர்சிட்டியிலதானே சேர் போகச் சொன்னீங்க? வாத்தியார் போகச் சொல்லிட்டாருன்னுதான் வந்தான்."

"எந்த வாத்தியார்?"

"மெக்கானிக்ஸ் வாத்தியாராம்."

முதலாம் வருடத்துக்கு மெக்கானிக்ஸ் எடுத்தது நான் ஒருவன்தான். யாரையும் நான் போகச் சொன்னதில்லையே என்று யோசித்துக்கொண்டே அவர் பின்னால் ஃபேக்டரிக்கு நடந்தேன்.

செல்வராஜ் எஞ்சின் ரூமில் மெஷின் பழுதுபார்க்கும் ஃபிட்டருக்கு உதவியாக ஒரு பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எண்ணெய்க் கையோடு அப்படியே நின்றான். "ஏன் தம்பி வந்துட்டீங்க?" என்று கேட்டேன். என் வாயையே பார்த்தான்.

"சேருக்குத் தமிழ் தெரியும்னு எனக்குத் தெரியாதுங்க."

மாதக்கணக்கில் என் வகுப்பில் இருந்திருக்கிறான். நான் அவனிடம் ஒரு தமிழ்ச் சொல் பேசியதில்லை.

பிறகு மெதுவாகச் சொன்னான். விளங்காதவர்கள் எழுந்து போகலாம் என்று நான் மூன்று தடவை ஆங்கிலத்தில் சொன்னேனாம். அந்த வசனம் மட்டும் அவனுக்கு முழுதாக விளங்கியதாம். அதனால் எழுந்து வந்துவிட்டான். என்னுடைய பேராசிரியர் அப்படிச் சொல்லுவார், மிடுக்காக இருக்கும் என்று நானும் சொல்லிவந்தேன். யாரும் கேள்வி கேட்காததை என் திறமை என்றே நினைத்திருந்தேன்.

லயத்திலிருந்து அவனுடைய நோட்டை எடுத்து வரச் சொன்னேன். பிரித்துப் பார்த்தேன். நான் பேசிய ஆங்கிலம் பக்கம் பக்கமாகத் தமிழ் எழுத்தில் இருந்தது. காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதி, இரவில் அகராதியில் தேடியிருக்கிறான். பாதிச் சொற்கள் அகப்படவில்லை. அவற்றின் கீழே கோடு போட்டிருந்தான்.

அவன் மாட்டிய பெல்ட்டையே காட்டி, எந்தப் பக்கம் இறுக்கம், எந்தப் பக்கம் தளர்வு, ஏன் என்று தமிழில் சொன்னேன். இரண்டு கிழமையாக வகுப்பில் நான் எடுத்த பாடம் அது. அரை மணி நேரத்தில் பிடித்துக்கொண்டான். பெல்ட் ஈரமானால் இந்தக் கணக்கு என்ன ஆகும் என்று கேட்டான். திங்கட்கிழமைக்குள் திரும்பி வரச் சொன்னேன்.

"திங்கட்கிழமை வந்தாலும் அதே கிளாஸ்தானே சேர்?"

சனிக்கிழமைகளில் தமிழில் தனியாக எடுக்கிறேன் என்றேன். அவன் தயங்கினான். அப்போதுதான், அந்த மெக்கானிக்ஸ் வாத்தியார் நான்தான் என்று மாரிமுத்துவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"அப்ப நீங்களே திருப்பிக் கூட்டிட்டுப் போங்க சேர்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ரயில் ஏறினோம். மறுநாள் பீடாதிபதி காரணம் கேட்டபோது, காரணம் நான்தான் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு ஃபைலில் போட்டார்.

முதல் சனிக்கிழமை ஒர்க்‌ஷாப்பில் செல்வராஜ் மட்டும் இருப்பான் என்று நினைத்துப் போனேன். பதினொரு பேர் காத்திருந்தார்கள். பாதிப் பேர் சிங்கள மாணவர்கள். தங்களுக்கும் ஒன்றும் விளங்கவில்லை என்றார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியவர்கள்கூட அதில் இருந்தார்கள். எனக்குத் தெரிந்த சிங்களத்தையும் கலந்து எடுத்தேன்.

செல்வராஜ் முதல் வருடத்தில் ஒரு பேப்பரில் ஃபெயில். திரும்ப எழுதினான். பட்டம் வாங்கி எஞ்சினியர் ஆனான்.

வெட்டப்பட்ட மற்ற மூன்று பேருக்கும் கடிதம் எழுதினேன். இருவர் பதில் போடவில்லை. ஒரு கடிதம் விலாசத்தில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. அவர்களும் என் வகுப்பில்தான் இருந்தார்கள். என்னால்தான் போனார்களா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போது கற்பிக்க வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாளே போய்ப் பாருங்கள். நான் காலம் கடந்து போனேன். நாலு பேரில் ஒருவன்தான் கிடைத்தான்.