ஒரே பெட்டியில் இரண்டு குடித்தனம்

கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரனைக் கம்ப்யூட்டர் கெட்டால் மட்டும்தான் கூப்பிடுவார்கள் என்று நம்பித் தொழிலுக்கு வந்தவன் நான். அப்படியே நம்பி வந்து மாட்டிக்கொண்ட தோழர்களே, இது உங்களுக்கு.

கூப்பிட்ட காரணம்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்யும் கடை. அண்ணன் அந்தோணி, தம்பி அருள், இருவருக்கும் ஒரே கம்ப்யூட்டர். அண்ணன் செருகிய பென் டிரைவிலிருந்து வைரஸ் ஏறி, தம்பியின் வேலை மொத்தமும் போனது. தனிக்கடை போடுகிறேன் என்று அருள் குதித்தான். தங்கை கல்யாணம் நெருங்குகிற நேரம். பயந்துபோன அந்தோணி விழுப்புரத்திலிருந்த என்னை வரவழைத்தார். அண்ணனுக்கு விண்டோஸ், தம்பிக்கு வைரஸ் எளிதில் ஏறாத லினக்ஸ், ஒரே பெட்டியில் இரண்டையும் போட்டுவிடலாம் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கல்யாணம் முடியற வரைக்குமாவது நாங்க ஒரே கடையில இருக்கணும் சார்."

பாகப்பிரிவினை

ஹார்ட் டிஸ்க்கை எப்படிப் பிரிக்கட்டும் என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. நிலத்துக்கு உள்ள முறைதான் இதற்கும் என்றார்கள். பெரியவன் பிரிக்க வேண்டும், சின்னவன் முதலில் எடுக்க வேண்டும். அந்தோணி மவுஸைப் பிடித்து, ஸ்கிரீனில் பங்கு பிரிக்கும் கோட்டை அப்படியும் இப்படியும் நகர்த்தி, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஒருவழியாகப் பிரித்தார்.

அருள் இடது பக்கத்தைத் தொட்டான். அதில்தான் அண்ணனுடைய விண்டோஸ் குடியிருந்தது. வலது பக்கம் சும்மாதானே கிடக்கிறது என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"நான் தொட்டாச்சு சார். அண்ணனைக் காலி பண்ணிக்கினு போகச் சொல்லுங்க."

யார் மேலே?

விண்டோஸை வலது பக்கம் குடிமாற்றிவிட்டு ஊர் திரும்பினேன். கம்ப்யூட்டரைப் போட்டதும் எதற்குள் போகலாம் என்று கேட்டு இரண்டு பெயர் வரும். லினக்ஸ் மேலே, விண்டோஸ் கீழே. பெரியவன் கீழேயா என்று அந்தோணி போன் செய்தார். போய் மாற்றினேன். யாரும் தொடாவிட்டால் மேலே இருப்பது தானாகத் திறந்துகொள்ளும். அருள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அண்ணன் பக்கம் திறந்துவிட்டது. அடுத்த போன் அவனுடையது. மறுபடி போய், தானாக எதுவுமே திறக்க வேண்டாம் என்று நிறுத்திவைத்தேன்.

நான் கிளம்பும்போது பிரம்மதேசத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரி ஒருவர் பத்திரிகை அடிக்க வந்தார். எதற்குள் போகலாம் என்று கேட்டபடி ஸ்கிரீன் அசையாமல் நிற்கிறது. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

"கரண்டுதான் இருக்குதே, அப்புறம் என்னாத்துக்கு சும்மா உக்காந்துக்கினு இருக்கீங்க?"

தங்கை பத்திரிகை

ஒருநாள் விண்டோஸ் படுத்துக்கொண்டது. என்னைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, அந்தோணி வேறு யாரையோ பிடித்து மறுபடி போட்டுக்கொண்டார். அதோடு அந்த இரண்டு பெயரும் மறைந்து, நேராக அண்ணன் பக்கமே திறந்தது. தம்பி பக்கம் போக வழியில்லை. தங்கையின் பத்திரிகை அந்தப் பக்கம்தான் இருந்தது. அன்றே அச்சுக்குப் போக வேண்டும்.

போன் வந்து நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அருள் கடைச் சாவியை மேஜையில் வீசிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். தன் பங்கையே அண்ணன் அழித்துவிட்டதாகக் கத்தினான். சிடியைப் போட்டு, தொலைந்த பெயர்களைத் திரும்ப வரவழைத்தேன். எதுவும் அழியவில்லை. அருள் பத்திரிகையைத் திறந்தான். 'தங்கள் நல்வரவை நாடும்' என்பதற்குக் கீழே முதல் பெயர் அந்தோணி. அதற்கும் கீழே அருள்.

"எம் பேரை மேலயாடா போட்டிருக்க?" என்றார் அந்தோணி.

"பின்ன, அண்ணன் பேரு கீழயா வரும்?" என்று எரிந்து விழுந்தான் தம்பி.

செருப்பைக் கழற்றிவிட்டு அருள் உட்கார்ந்தான். அந்தோணி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒத்துமையா இருந்த எங்களுக்குப் பங்கு பிரிச்சு பேஜாரு பண்ணதே நீங்கதான் சார்!"

இப்போதெல்லாம் யார் ஹார்ட் டிஸ்க்கைப் பிரிக்கச் சொன்னாலும், கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று விசாரித்துவிட்டுத்தான் மவுஸைத் தொடுகிறேன்.