தமிழுக்குத் தனிப் பெக்கேஜ் இல்லை

கடையில் இருந்தவர்கள் நாலு பேர். முதலாளி. புரோகிராம் எழுதும் அக்கா. சிங்களப் பதில்களை அடிக்கும், பலாபத்வலையிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் தங்கச்சி. தமிழ்ப் பதில்களை அடிக்கும் நான், எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். மேசையில் ஒரு போன், கம்ப்யூட்டரோடு வயரில் கட்டியபடி.

மாத்தளையில் அது யுத்தத்தின் கடைசி வருஷம். அந்தப் போனுக்கு எஸ்எம்எஸ் அனுப்பி யாரும் கேட்கலாம்: உக்குவளைக்கு எத்தனை மணிக்கு பஸ், மிளகு என்ன விலை, எந்த மருந்துக்கடை திறந்திருக்கிறது. கேட்ட மொழியிலேயே அக்கா எழுதிய சாட் பொட் புரோகிராம் தானாகப் பதில் அனுப்பும். இரண்டு மொழிக்கும் எழுத்து மட்டும் ஆங்கில எழுத்து. எல்லாம் ஒரே நீள பைலில் கிடந்தது. மிளகைத் திருத்தினால் பஸ் பதில் நின்றுவிடும். ஒன்றைத் தொட்டால் மற்றது கெடாதபடி பிரித்துத் தனித்தனி பெக்கேஜ் ஆக்க வேண்டும் என்று அக்கா மாதக்கணக்கில் கேட்டார். முதலாளி காதில் வாங்கவில்லை.

ஒரு நாள் சிவில் உடுப்பில் பொலிஸ்காரர் இரண்டு பேர் வந்தார்கள். இந்தப் போனிலிருந்து ஏன் இவ்வளவு தமிழ் போகிறது என்று விசாரித்து, நம்பரை எழுதிக்கொண்டு போனார்கள். அவர்கள் படியிறங்கியதும் முதலாளி அக்காவிடம் சொன்னார்: "நீங்க கேட்ட மாதிரியே பிரிங்க மகள். சிங்களம் ஒரு பெக்கேஜ், தமிழ் ஒரு பெக்கேஜ். தமிழக் கழட்டி வச்சிடுவோம். என்னத்துக்கு வம்பு?"

அக்கா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். நாலு நாள் இருந்து பிரித்தார். பஸ் ஒன்று, மிளகு ஒன்று, மருந்து ஒன்று. ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு மொழியும் பக்கத்தில் பக்கத்தில்.

"தமிழ் எங்க?" என்றார் முதலாளி.

"எல்லாத்துலயும் இருக்கு மொதலாளி. அதக் கழட்டணும்னா பஸ்ஸையே கழட்டணும்."

"அய்யோ, அப்ப நான் எப்படி வீட்டுக்குப் போறது?" என்று தங்கச்சி சிரித்தாள். முதலாளி சிரிக்கவில்லை. "நாளையிலருந்து வர வேணாம்" என்றார் அக்காவிடம். அக்கா குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிறகு முதலாளி என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீதானே அடிச்சே. ஒவ்வொண்ணாத் தேடி அழிச்சிடு."

ஒவ்வொரு வரியும் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அக்கா அடுக்கிய அடுக்கில் என்னைப் போன்றவனுக்கும் வழி தெரிந்தது.

"எனக்குத் தெரியாது மொதலாளி" என்றேன்.

தங்கச்சியைக் கேட்டார். அவளும் தெரியாது என்றாள். போனையே பிடுங்கிவிட வயரில் கை வைத்தார். சிங்களத்தில் கேட்பவர்களும் அந்த வயரில்தான் இருந்தார்கள். கையை எடுத்துவிட்டார்.

புரோகிராமில் மொழிகளைத் தனியாக வைப்பதுதான் முறை என்று இப்போது படித்தவர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும். அன்றைக்கு அக்கா வைத்ததுதான் சரி.

கடை பூட்டும்போது எண்ணினேன். அன்று தமிழில் பதில் வாங்கியவர்கள் நாற்பத்தொரு பேர்.