பல்லி குடியிருந்த பெட்டி

அன்றைக்கு அந்த மண்டியில் இருந்தவர்கள் நான்கு பேர். மல்லாட்டை என்கிற நிலக்கடலை வியாபாரி நயினார், அவருக்குக் கணக்குப் பார்த்த மகள் பத்மா, நான், என்னோடு சேர்ந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த அந்தோணி. இல்லாதவர் ஒருவர்: பத்மாவின் அண்ணன் தரணி. நாங்கள் நால்வரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டரைத் தொண்ணூற்று மூன்றில் சென்னையிலிருந்து பஸ்ஸில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்தவர் அவர்தான். நாங்கள் குனிந்து பார்த்த அன்றைக்கு அவர் பெங்களூரில் வேலையில் இருந்தார்.

இதெல்லாம் இப்போது ஞாபகம் வரக் காரணம் ஒரு வாசனை. போன வாரம் திண்டிவனத்தில் பஸ் மாற இறங்கியவன், பழைய இரும்புக் கடை ஒன்றைக் கடந்து போனேன். சைக்கிள் ரிம்களுக்கும் தகர டின்களுக்கும் நடுவே மஞ்சளேறிப்போன கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று. இப்போது மாதிரி நிற்கிற பெட்டி இல்லை. படுத்திருக்கும், அதன் முதுகில் மானிட்டர் உட்காரும், அந்தக் காலத்துப் பெட்டி. முகப்பில் சாவித் துவாரம். அதற்கு மேலே காய்ந்து உதிர்ந்த சந்தனப் பொட்டு. நான் குனிந்து காற்றுத் துவாரத்தில் மூக்கை வைத்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். மல்லாட்டைத் தூசி வாசனை அடித்தது.

அந்த வாசனை அதே திண்டிவனத்தில் இருந்த நயினார் மண்டியுடையது. சாக்கு, தோல், புழுதி மூன்றும் கலந்து மூக்கைக் கரகரக்கவைக்கும். எங்கள் கடை விழுப்புரத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால். காணைப் பக்கம் கரும்பு வெட்டப் போகிற குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேல் ஒரு டிப்ளமோ வேறு. 'எம்புள்ள கம்ப்யூட்டருக்கு டாக்டரு' என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்ததால், ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் வெளியே தெரியும்படி செருகிக்கொண்டுதான் ஊருக்குப் போவேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

பத்மா ஒரு நாள் பஸ் ஏறி எங்கள் கடைக்கே வந்துவிட்டார்.

"பொட்டியிலருந்து புகை வந்துச்சுண்ணா. ஆனா பொட்டி அதேதான் இருக்கணும். உள்ள இன்னா வேணா மாத்துங்க."

"எதுக்கும்மா பேஜாரு? புது கேஸாவே எடுத்துக்கோங்க, ஜல்தியா முடிச்சிடலாம்" என்றான் அந்தோணி.

"அப்புறம் அது எங்கண்ணன் வாங்கின பொட்டி ஆகாதே."

விஷயம் இதுதான். தரணி பெங்களூர் போனபோது மண்டிக் கணக்கை பத்மா பிடித்துக்கொண்டார். நயினாருக்கு மனசில்லை. பத்மாவின் மாமன் மகன் ஒருவன் நோட்டுப் போட்டு எழுதத் தயாராக இருந்தான். கடைசியில் மகளிடம் அவர் ஒரு பேச்சு பேசினார்: "உங்கண்ணன் வாங்கின பொட்டி ஓடற வரைக்கும் நீ பாரு. நின்னுபோச்சுன்னா மாமா பையன் வந்து உக்காரட்டும். உனக்கு நான் மாப்பிள்ளை பாக்கறேன்." ஒரு வருடம் தாங்கினால் பெரிது என்று நினைத்திருப்பார். பத்மா அதை மூன்று வருடம் ஓட்டினார். தூசு படாமல் துணி போட்டு மூடுவதென்ன, ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பதென்ன, பெற்ற பிள்ளைக்குக்கூட அவ்வளவு செய்வார்களா தெரியாது.

மாமன் மகன் அடுத்த திங்கட்கிழமை வருவதாக இருந்தது. நாங்கள் சனிக்கிழமை போய்ப் பெட்டியைத் திறந்தோம். தூசு ஊதுகிற மெஷினை நான் கையில் எடுத்த நேரம்.

"தம்பி, கைய எடுங்க."

நயினார் குரல். அவர் காட்டிய மூலையில், பிளாப்பி செருகும் இடத்துக்கு அடியில், தகட்டோடு ஒட்டிக்கொண்டு இரண்டு முட்டை. வெள்ளையாக, மல்லாட்டைப் பயறு அளவில். பல்லி முட்டை.

செஞ்சிப் பக்கத்து ஜைனக் குடும்பம் அது. விளக்கு வெளிச்சத்தில் பூச்சி வந்து சோற்றில் விழுந்து சாகக்கூடாது என்பதற்காகப் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற வீடு. தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் குடிக்கமாட்டார்கள். அங்கே போய் நான் ஊதப் பார்த்திருக்கிறேன்.

"பொரிஞ்சு போற வரைக்கும் பொட்டிய யாரும் அசைக்கக் கூடாது" என்றார் நயினார்.

பத்மா சாவதானமாகக் கேட்டார். "அப்ப மாமா பையனும் அதுவரைக்கும் வரவேணாம்தானேப்பா? பொட்டிய ரிப்பேர் பாக்கவே விடல. நின்னுபோச்சுன்னு எப்படிச் சொல்வீங்க?"

நயினார் மகளைப் பார்த்தார். பேரம் படிந்த வியாபாரியின் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கண்டேன். "உங்கண்ணன்கூட இப்படிப் பேசமாட்டான்" என்று மட்டும் சொல்லிவிட்டு தராசுப் பக்கம் போனார்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. புது மதர்போர்டு, புது பவர் சப்ளை எல்லாவற்றையும் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகைமேல் அப்படியே விரித்துப் போட்டு மாட்டினோம். சுவிட்ச் இல்லை. போர்டில் இருக்கிற இரண்டு கம்பிமுனைகளை ஸ்க்ரூ டிரைவரால் லேசாகத் தொட்டால் உயிர் வந்துவிடும். பத்மா அதைப் பழகிக்கொண்டு அந்தப் பலகையிலேயே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார். "குடல் வெளிய தெரியுதும்மா, ஒரு துணியாச்சும் போடு" என்பார் நயினார். பக்கத்தில் பழைய பெட்டி திறந்தபடி முட்டைகளோடு இருந்தது. நாங்கள் எட்டிப் பார்க்கப் போகும்போதெல்லாம் பொழுதோடு சாப்பாடு போட்டுத்தான் அனுப்புவார்கள். வெங்காயம் இல்லை, உருளைக்கிழங்கு இல்லை. "சாம்பார்ல மண்ணுக்கு மேல வெளையறது மட்டும்தான்டா இருக்குது" என்று அந்தோணி என் காதில் முனகுவான். முனகிக்கொண்டே மூன்றாம் முறை சோறு வாங்குவான்.

மழைக்காலம் முடிகிற சமயம் கடைக்கு போன் வந்தது.

"அண்ணா, குடியிருந்தவங்க காலி பண்ணிட்டாங்க."

போனோம். காலி ஓடு இரண்டும் ஒட்டியபடி இருந்தன. நான் சுரண்டப் போனேன். "அது பாட்டுக்கு இருக்கட்டுமே" என்றார் நயினார். விட்டுவிட்டேன். புது போர்டு பழைய பெட்டியில் உட்காராது. பின்பக்கத் தகட்டை வெல்டிங் பட்டறையில் கொடுத்து வெட்டி, புதுத் துளை போட்டு மாட்டினோம். முகப்பில் இருந்த பழைய பொத்தானின் ஒயரை போர்டில் கொடுத்தோம். மூடினோம். பத்மா பொட்டு வைத்தார்.

நயினார் வந்து கட்டைவிரலால் பொத்தானை அமுக்கினார். டக்கென்ற பழைய சத்தம். விசிறி சுற்றியது. பச்சை விளக்கு எரிந்தது. நாலு மூச்சு விடுவதற்குள் அணைந்தது.

பொத்தானை வெளியே எடுத்துவிட்டு மறுபடி அமுக்கினார். மறுபடி அணைந்தது.

நான் பவர் சப்ளையை மாற்றினேன். அணைந்தது. இன்னொன்று வரவழைத்து மாற்றினேன். அணைந்தது. திண்டிவனத்துக் கரண்டே சரியில்லை என்று வோல்டேஜ் பற்றி மண்டியில் ஒரு சொற்பொழிவும் செய்தேன், பாதி இங்கிலீஷில். மூட்டை தூக்குகிறவர்கள் நின்று கேட்டார்கள்.

"அதுக்கே இஷ்டம் இல்ல போலருக்கு" என்றார் நயினார். சொல்லும்போது அவர் குரல் சந்தோஷமாக இல்லை என்பதைக் கவனித்தேன்.

பத்மா முன்னால் வந்து நகத்தால் லேசாகத் தொட்டார். எரிந்தது. காத்திருந்தோம். அணையவில்லை. ஓடிக்கொண்டே இருந்தது.

"நிறுத்திட்டு நீங்க அமுக்குங்கப்பா."

அவர் அமுக்கினார். எரிந்து, அணைந்தது.

"என் கைய அதுக்குப் புடிக்கல. மூட்டை தூக்கின கை" என்று நயினார் விரலைப் பார்த்துக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழைய பொத்தான் அமுக்கினால் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். மறுபடி அமுக்கினால்தான் வெளியே வரும். புது போர்டுக்கோ தொட்டு விட்டால் போதும். விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தால், அணைக்கச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளும். பத்மா தொட்டார், நயினார் அமுக்கினார். அவ்வளவுதான் வித்தியாசம். பலகையில் கிடந்தபோது நாங்களும் ஸ்க்ரூ டிரைவரால் தொட்டுத் தொட்டு எடுத்தவர்கள்தானே. பொத்தானைக் கழற்றி, அதைப் பிடித்து வைக்கிற மயிரிழைக் கம்பியை அந்தோணி இடுக்கியால் உருவிப் போட்டான்.

நயினார் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு அமுக்கினார். விளக்கு எரிந்தது. நாலு மூச்சு. பத்து மூச்சு. வெளியே ஒரு வண்டி மல்லாட்டை வந்து நின்று ஆள் கூப்பிட்டார்கள். அவர் நகரவில்லை.

"ம். ஓடுது" என்றார். பிறகு, "பத்மா, மாமா பையனுக்குப் போன் போட்டு, அவன் வேலைய அவனப் பாத்துக்கினு இருக்கச் சொல்லு."

இப்போது அந்த மண்டி இருந்த இடத்தில் செருப்புக் கடை. எங்கள் கடை மூடியாயிற்று. அந்தோணி வீடுகளுக்கு கேமரா மாட்டிக்கொண்டிருக்கிறான். கம்ப்யூட்டர் என்றாலே மடியில் மடிக்கிற சாமான் என்றாகிவிட்டது. அமுக்கினால் டக்கென்று சொல்கிற பொத்தான் எங்கும் இல்லை.

இரும்புக் கடையிலிருந்தே பத்மாவுக்கு போன் செய்தேன். கல்யாணமாகி, செஞ்சியில் சொந்தமாக மண்டி வைத்திருக்கிறார்.

"நான்தாண்ணா போட்டேன். வீடு மாத்தினோம், வைக்க எடமில்ல. அப்பா கேக்கறப்பல்லாம் சர்வீஸுக்குப் போயிருக்குன்னு சொல்லிக்கினு இருக்கேன்." கொஞ்சம் பொறுத்து, "உள்ள பாருங்களேன், அது இருக்குதான்னு" என்றார்.

மூடியைத் தூக்கினேன். இருந்தது.

"அப்பாகிட்ட நீங்க சொன்னது நெசம்தான், சர்வீஸுக்குத்தான் வந்திருக்கு" என்றேன்.

கடைக்காரர் பெட்டியைத் தராசில் தூக்கி வைத்தார். முட்டை ஓடு இரண்டையும் சேர்த்து நூற்று நாற்பது ரூபாய் எடுத்துக் கொடுத்தேன்.