டச்சுக்காரரும் முதலாளியின் இங்கிலீஷும்

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். துபாஷி வேலை பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. எழுபதுகளில் மரக்காணத்தில் ஓர் உப்பளத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். தண்ணீர் இறைக்கக் காற்றாலை வைத்துத் தர ஹாலந்திலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். அவருக்கும் ஆட்களுக்கும் நடுவே மொழிபெயர்க்கும் துபாஷி வேலையும் என் தலையில் விழுந்தது.

முதலாளிக்கு இங்கிலீஷ் சொல்வழக்குகள் என்றால் உயிர். அதிலும் டச்சு என்று வருபவை அத்தனையும் மனப்பாடம். டச்சுக்காரர்களை மட்டம் தட்ட இங்கிலீஷ்காரர்கள் கட்டிவிட்டவை அவை. ஹாலந்துக்காரர் என்றால் டச்சுக்காரர்தான் என்பது மட்டும் முதலாளிக்குத் தெரியாது. அவரைத் திருத்தியவர்கள் யாரும் அங்கே நிலைத்ததில்லை. எனக்கோ அளத்து உத்தியோகத்தைச் சொல்லித்தான் கிளியனூரில் பெண் நிச்சயமாகியிருந்தது. முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார்: "அந்தாளு கோச்சிக்கினு போனாருன்னா, அடுத்த பஸ்ல நீயும் போயிடு."

பாத்தியில் பூட்ஸ்

உப்புப் பாத்தியின் தளம் காலால் மிதித்து மிதித்து இறுக்கியது. அதில் செருப்புக்காலோடு யாரும் இறங்க மாட்டார்கள். இன்ஜினியர் பூட்ஸோடு இறங்கினார். மேஸ்திரி அஞ்சலை சத்தம் போட்டாள். அவர் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றார்.

முதலாளி சிரித்துக்கொண்டே, அவள் பேச்சு 'டபுள் டச்சு', கண்டுகொள்ளாதீர்கள் என்றார். வெறும் உளறல் என்று அர்த்தம். அதை நான் விளக்கப் போகவில்லை. "பூட்ஸைக் கழற்றச் சொல்கிறார்கள்" என்பதை மட்டும் சொன்னேன். கழற்றினார். பூட்ஸ் உரசிய புண்ணில் உப்பு ஏறி முகம் சுளித்தவரைப் பார்த்து அஞ்சலை சொன்னாள்: "எரியட்டும், அப்பத்தான் நம்ம அருமை தெரியும்."

கோபுரத்தின் மேலே

காற்றாலைக் கோபுரத்தின் உச்சியில் சக்கரம் மாட்ட வேண்டும். கடல்காற்று வீசி அடித்தது. ஒருவரும் ஏற முன்வரவில்லை. "இவங்களுக்கு 'டச்சு கரேஜ்' ஊத்தினாத்தான் ஏறுவானுங்க" என்றார் முதலாளி. குடித்து வரும் தைரியம் அது. நம் பக்கம் அப்போது மதுவிலக்கு, பாண்டி எல்லை தாண்டினால் தாராளம்.

இன்ஜினியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். காற்றில் எதுவும் காதில் விழாதவனைப்போல் நின்றேன். அவர் தானே ஏற ஆரம்பித்தார். பாதியில் கோபுரம் ஆடியது, என் கல்யாணமும் சேர்ந்து ஆடியது. அவர் பத்திரமாக இறங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அஞ்சலை சொன்னாள்: "சாராய வாடையே இல்ல, இது நல்ல ஆம்பளப்பா."

சுற்றாத சக்கரம்

மாட்டி முடித்த மறுநாள் சக்கரம் அசையவில்லை. ரோட்டில் போகிறவர்கள் பார்க்க வேண்டுமென்று முதலாளி பிடிவாதமாகத் தேர்ந்த இடம் அது. காற்று திசை மாறியதும் சவுக்குத் தோப்பு அதை மறைத்தது. என் துபாஷித்தனம்தான் குழப்பிவிட்டது என்று அவர் என்மேல் பாய்ந்தார்.

இன்ஜினியர் குறுக்கே வந்தார். "ஒரு 'டச்சு அங்கிள்' மாதிரி முகத்துக்கு நேராகச் சொல்கிறேன். இடம்தான் தப்பு, இவர் அல்ல. நான் டச்சுக்காரன். நீங்கள் சொன்னதெல்லாம் எனக்குப் புரிந்தது. அவற்றை இவர் எனக்கு விளக்காமல் விட்டாரே, அந்த மரியாதைக்காகத்தான் இவ்வளவு நாள் இருந்தேன்."

முதலாளியின் முகம் வெளுத்தது. இன்ஜினியர் அந்தப் பக்கம் போனதும் என் காதருகே பல்லைக் கடித்தார்: "ஏம்பா, ஹாலந்துன்னா டச்சா? முதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

காற்றாலை தோப்புக்கு அப்பால் இடம் மாறிச் சுற்றியது, எனக்கு வேலையும் கல்யாணமும் நிலைத்தன, முதலாளிக்கு மட்டும் அதன்பிறகு வெள்ளைக்காரர் யார் வந்தாலும் தொண்டை கட்டிக்கொண்டது.